மாமா அனுப்பிய எம்.ஜி.ஆர். அட்டை

(கிளை நூலக வாசகர் வட்டப் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, நமக்காகக் கூடுதல் நேரம் கதவைத் திறந்துவைக்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா அவர்களே, வணக்கம். ஐயாவைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பொங்கல் வாரத்தில் அவருடைய சைக்கிள் மணிக்காக எங்கள் தெருவே காத்துக் கிடந்தது.

பொங்கல் வாழ்த்து அட்டை எப்படி வந்தது, அதில் என்ன படங்கள் இருந்தன, இனி அது எங்கே இருக்க வேண்டும் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். 'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்று அப்பா அடிக்கடி சொல்வார். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஓவியர் ஹார்ஸ்லியை வரையச் சொல்லி கிறிஸ்துமஸ் அட்டைகள் அச்சிட்டார். நம் ஊருக்கு வந்தபோது அட்டையில் பானையும் கரும்பும் ஏறிக்கொண்டன, அப்புறம் சினிமா நடிகர்களும். உறையை ஒட்டாமல் மடிப்பைச் செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதினால் அப்போது தபால்தலைச் செலவு குறைவாக இருந்தது.

என் தாய்மாமா தீவிர சிவாஜி ரசிகர். ஒரு வருடம் அப்பா அவசரத்தில் அவருக்கு எம்.ஜி.ஆர். அட்டையை அனுப்பிவிட்டார். பொங்கல்படி கொண்டுவந்த மாமா, கரும்புக் கட்டை இறக்குவதற்கு முன்பே அட்டையைத் திண்ணையில் வைத்து, "என்ன மச்சான் இது?" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மறு வருடம் மாமாவிடமிருந்து சிவாஜி வந்தார். அப்பா வேண்டுமென்றே மறுபடி எம்.ஜி.ஆரை அனுப்பினார். வருடா வருடம் இதே கூத்து. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தார். அடுத்த பொங்கலுக்கு மாமாவே எம்.ஜி.ஆர். அட்டை அனுப்பியிருந்தார். பின்பக்கம் ஒரே வரி: 'மனசே சரியில்லை மச்சான்.'

சென்ற மாதம் வெள்ளையடித்தபோது அப்பா சேர்த்துவைத்த அந்த அட்டைக் கட்டு முழுவதும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மூட்டையை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த இந்த ஓர் அட்டைதான் மிஞ்சியது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும், ஐயா! கோட்டையூர் ரோஜா முத்தையா துண்டு நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் எதையும் விடாமல் சேர்த்தார். இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. நான் கேட்பது இந்த நூலகத்தில் ஓர் அலமாரி மட்டும். தலைவர் அவர்கள் இந்த மேடையிலேயே அதற்கு இசைய வேண்டும். நீங்களும் வீட்டுப் பரணில் தேடுங்கள். கிடைக்கும் அட்டையை லேமினேட் செய்யாதீர்கள், பின்பக்க எழுத்தை அழிக்காதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள்.

நூலகர் அம்மா, மாமாவின் அட்டையை முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.