ஒன்பதாம் வகுப்புப் பாடமும் கல்லூரி மைதானமும்

நேயர்களுக்கு வணக்கம். நான் அமெரிக்காவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பிள்ளை கல்லூரி அணியில் விளையாட வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர் வந்து உட்கார்ந்ததும், கோச்சுக்கு எப்போது எழுதலாம், வீடியோ எப்படி எடுக்கலாம் என்றுதான் கேட்பார்கள். "ஒன்பதாம் வகுப்பில் என்னென்ன பாடம் எடுத்திருக்கிறாள்?" என்று நான் கேட்டால், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது போலப் பார்ப்பார்கள். சம்பந்தம் நிறைய இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இங்கே கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. அதில் மூன்று டிவிஷன்கள், அதாவது போட்டிப் பிரிவுகள்; டிவிஷன் ஒன்றுதான் மேல்மட்டம். முதல் இரண்டில் ஆட வேண்டுமானால், அந்த அமைப்பின் தகுதி மையம் பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது உயர்நிலைப் பள்ளிப் பாடங்களும் மதிப்பெண்களும் உள்ள பட்டியலைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். கோச்சுக்குப் பிடித்திருக்கலாம், கல்லூரியில் இடமும் கிடைத்திருக்கலாம். தகுதி மையம் சரி என்று சொல்லாவிட்டால் முதல் வருடம் போட்டியில் இறங்க முடியாது.

டிவிஷன் ஒன்றுக்கு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து கணக்கிட்டு, ஒவ்வொன்றும் ஒரு வருடம் என்ற அளவில் 16 கோர் (அடிப்படை) பாடங்கள் வேண்டும். ஆங்கிலம் 4 வருடம், கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் இன்னும் 1, சமூக அறிவியல் 2. மீதி 4 வருடத்துக்கு இவற்றில் ஒன்றையோ, வேற்றுமொழி, தத்துவம் போன்றவற்றையோ எடுக்கலாம். கணிதத்தில் அல்ஜீப்ரா ஒன்றுக்குக் கீழே எதுவும் சேராது. இந்த 16 பாடங்களில் ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 2.3 இருக்க வேண்டும். டிவிஷன் இரண்டுக்கு 2.2 போதும். எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண் வேண்டும் என்ற விதியை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள்.

2.3 என்றதும் நம் வீடுகளில் "இவ்வளவுதானா?" என்பார்கள். சிக்கல் அந்த எண்ணில் இல்லை. எந்தப் பாடம் கணக்கில் சேரும், எது சேராது என்பதில்தான் இருக்கிறது. தகுதி மையத்தின் இணையதளத்தில் உங்கள் பள்ளியின் குறியீட்டு எண்ணைக் கொடுத்தால், அந்தப் பள்ளியில் ஏற்கப்பட்ட பாடங்களின் பட்டியல் வரும். டிரான்ஸ்கிரிப்டில் உள்ள பாடத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பாடத்தை முடித்ததற்கான கிரெடிட்டைப் பள்ளி கொடுத்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

என்னிடம் வந்த ஒரு நீச்சல் மாணவனின் கதை இது. பத்தாம் வகுப்பில் போட்டிகளுக்காக அலைந்ததில் வேதியியலில் தோற்றுவிட்டான். பள்ளியிலேயே கணினியில் தானாகப் படித்து முடிக்கும் ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். ஆசிரியர் கிடையாது, திரையில் பாடம், கீழே கேள்வி, அடுத்த பக்கம். சில வாரங்களில் முடித்து கிரெடிட் வாங்கிவிட்டான். பள்ளிப் படிப்பை முடிக்க அது போதும். தகுதி மையத்துக்குப் போதாது. ஆசிரியரும் மாணவரும் தொடர்ந்து பேசிப் பழகி நடத்தாத பாடத்தை அவர்கள் ஏற்பதில்லை.

இதில் கெடு ஒன்றும் இருக்கிறது. டிவிஷன் ஒன்றுக்கு, 16-இல் 10 பாடங்களை பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். கெடு தாண்டிய பிறகு அந்தப் பத்தைத் திரும்பப் படித்து மதிப்பெண்ணை உயர்த்த டிவிஷன் ஒன்று அனுமதிக்காது. அந்தப் பையன் வந்தது பதினொன்றாம் வகுப்பு முடியும் சமயம். கையில் இருந்தது ஒரு கோடை விடுமுறைதான். ஏற்கப்பட்ட வகுப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து படித்தான், தப்பித்தான். ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் இரண்டு கேள்விகள். எட்டாம் வகுப்பில் படித்த அல்ஜீப்ரா சேருமா? உயர்நிலைப் பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் மதிப்பெண்ணோடும் கிரெடிட்டோடும் வந்திருந்தால் சேரும். தமிழுக்குக் கிடைத்த கிரெடிட் சேருமா? தேர்வு மட்டும் எழுதி வாங்கிய கிரெடிட் எந்த மொழிக்கானாலும் சேராது.

இனி கோச்சுக்கு வருவோம். டிவிஷன் ஒன்றில் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு, பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்குப் பிறகுதான் கோச் தனிப்பட்ட முறையில் பதில் எழுதலாம். அதற்கு முன் பதில் வரவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். பிள்ளை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் பிள்ளையே எழுத வேண்டும். அப்பா எழுதிய கடிதத்தைக் கோச் இரண்டு வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். பள்ளி முடிக்கும் ஆண்டு, நீச்சல் என்றால் நேரம், டென்னிஸ் என்றால் யு.டி.ஆர். என்ற ஆட்டத்திறன் மதிப்பீட்டு எண், ஜிபிஏ. இவை மேலேயே இருக்கட்டும்.

பண விஷயம் அண்மையில் தலைகீழாக மாறியிருக்கிறது. முன்பு டிவிஷன் ஒன்று ஆண்கள் டென்னிஸ் அணிக்கு மொத்தம் 4.5 ஸ்காலர்ஷிப்தான். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்.சி.ஏ.ஏ. மீது தொடுக்கப்பட்டது ஹவுஸ் வழக்கு. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற அதன் சமரசம், அதில் சேரும் கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பை நீக்கி, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்தது. அந்தக் கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியின் ஓரத்தில் நின்றிருந்த பிள்ளைகளுக்கு இடம் சுருங்கிவிட்டது. எனவே, "நான் சேரும் வருடத்தில் அணியில் எத்தனை இடம் காலியாகும்?" என்று கோச்சிடம் நேராகவே கேட்கச் சொல்லுங்கள்.

டிவிஷன் மூன்றிலும், ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்கள் கொண்ட ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது; குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி உண்டு. டிவிஷன் மூன்று என்றதும் முகம் சுளிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகமும் எமரியும் அங்கேதான் இருக்கின்றன, எம்.ஐ.டி.யின் பெரும்பாலான அணிகளும் அங்கேதான். டிவிஷன் மூன்றில் பாடத் தகுதியை அந்தந்தக் கல்லூரியே தீர்மானிக்கிறது.

ஆயிரக்கணக்கில் டாலர் கேட்டு, கோச்சுகளிடம் அறிமுகம் செய்து வைக்கிறோம் என்று சொல்லும் நிறுவனங்களுக்குப் பணம் கட்டும் முன், என்.சி.ஏ.ஏ.யின் வழிகாட்டிக் கையேட்டைப் படித்துவிடுங்கள். அது இலவசம். தகுதி மையத்தில் பதிவதற்குக் கட்டணம் உண்டு; வசதி குறைந்த குடும்பங்களுக்கு விலக்கும் உண்டு, பள்ளி ஆலோசகரைக் கேளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஏப்ரல் 1-க்குப் பிறகு அமெச்சூர் தகுதிக்கான, அதாவது தொழில்முறை வீரர் அல்ல என்பதற்கான, இறுதிச் சான்று கேட்டுத் தகுதி மையத்தின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பட்டமளிப்புத் தேதியோடு கூடிய இறுதி டிரான்ஸ்கிரிப்டைப் பள்ளியே அனுப்ப வேண்டும். கோடையில் பள்ளி அலுவலகங்களில் ஆள் குறைவு, ஆகஸ்டில் அணிப் பயிற்சி தொடங்கிவிடும். பள்ளி மூடுவதற்கு முன் கேட்டு அனுப்ப வைத்துவிடுங்கள். வணக்கம்.