தொடங்கிய கதைக்கு முடிவு கேட்பது பிழையா?

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அக்காமார் தம்பிமாருக்கும், கடற்காற்றில் இவ்வளவு நேரம் இருந்து கேட்கும் திருகோணமலைச் சபையோருக்கும் வணக்கம்.

பாதியில் நிறுத்தப்படும் சூப்பர் ஹீரோ தொடர்களுக்காக ரசிகர்கள் குரல் கொடுப்பது நியாயமா, வீண் பிடிவாதமா? நியாயமே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா ஒரே போடாகப் போட்டார். "காசு போட்டவன் கம்பனிக்காரன். இலாபம் வராவிட்டால் நிறுத்துவான். பார்க்கிறவனுக்கு அதில் என்ன கதை?"

அக்கா, காசு யாருடையது என்பதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் கதை தொடங்கிவிட்டால் அதில் கேட்கிறவனுக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு காத்தவராயன் கூத்துப் பார்க்கப் போன பெரியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். நடுச்சாமத்தில் கூத்தை நடத்தும் அண்ணாவியார் வந்து, "சனம் காணாது, இன்றைக்குக் கழுவேற்றம் இல்லை, எல்லோரும் வீட்டுக்குப் போங்கோ" என்று சொன்னால் எழும்பிப் போவீர்களா?

டேர்டெவில் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரலில் நெட்பிளிக்ஸில் வந்தது. கண் தெரியாத ஒரு வழக்கறிஞர், இரவானால் முகமூடி போட்டுக்கொண்டு இறங்குகிறார். இரண்டாவது அத்தியாயத்தின் கடைசியில், கடத்தப்பட்ட ஒரு சிறுவனை மீட்க ஒடுங்கின விறாந்தை ஒன்றுக்குள் தனியாகப் போகிறார். ஒரே ஷாட்டாகக் கமெரா அவரோடு நகர்கிறது. அடிக்கிறார், அடி வாங்குகிறார், சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறார். விழுத்தியவன் திரும்ப எழும்புகிறான், திரும்பவும் அடிக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் தள்ளாடிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி வெளியே வருகிறார். அவ்வளவு களைத்துப்போகிற வீரனை அதற்கு முன் அந்தவகைக் கதைகளில் நாங்கள் அதிகம் கண்டதில்லை. அதனால்தான் அவர் மனதில் ஒட்டிக்கொண்டார்.

மூன்றாவது சீசன் 2018 ஒக்டோபரில் வந்தது. அடுத்த மாதமே நிறுத்திவிட்டார்கள். மார்வெலின் உரிமையாளரான டிஸ்னி சொந்தத் தளம் தொடங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம் அது. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? 'சேவ் டேர்டெவில்' என்று ஒன்றுசேர்ந்தார்கள். கையெழுத்துத் திரட்டினார்கள், வருடக்கணக்காக அந்தப் பெயரை மறக்கவிடாமல் வைத்திருந்தார்கள். 2021 டிசம்பரில் ஸ்பைடர்மேன் படத்தில் யன்னலை உடைத்துக்கொண்டு வந்த செங்கல்லை ஒரு கை எட்டிப் பிடித்தது. டேர்டெவிலாக நடித்த அதே சார்லி கொக்ஸ்! அப்புறம் 2025 மார்ச்சில் தொடரே திரும்ப வந்தது. அதுவும் எப்படி? 2023 இல் ஒரு பகுதியை எடுத்த பிறகு, இது சரிவராது என்று எழுத்தாளர்களை மாற்றி, பழைய நண்பர்களான ஃபொகியையும் கேரனையும் திரும்பக் கூப்பிட்டார்கள். எல்லாமே ரசிகர்களால்தான் நடந்தது என்று நான் அளக்க வரவில்லை. யாருமே கேட்காத ஒரு பாத்திரத்தை எந்தக் கம்பனி ஆறு வருடம் கழித்துத் தேடிப்போய் எடுக்கும் என்றுதான் கேட்கிறேன்.

லூசிஃபர் தொடரும் அப்படித்தான். 2018 மே மாதம் ஃபொக்ஸ் தொலைக்காட்சி கைவிட்டது, ஜூன் மாதமே நெட்பிளிக்ஸ் ஏற்றது, ஆறு சீசன் ஓடி ஒழுங்காக முடிந்தது.

எதிரணித் தம்பி இன்னொன்று சொன்னார். ரசிகர்கள் என்றாலே வசைபாடுகிற கூட்டம், 'ஜஸ்டிஸ் லீக்' படத்தை இயக்குநர் ஸாக் ஸ்னைடர் நினைத்த வடிவிலேயே தா என்று 'ஸ்னைடர் கட்' கேட்டவர்களைப் பாருங்கள் என்றார். வசைபாடியவர்கள் இருந்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 2021 இல் அந்த நான்கு மணிநேரப் படம் வெளிவரும்வரை போராடிய அதே கூட்டம்தான், மகளை இழந்த அந்த இயக்குநருக்காகத் தற்கொலைத் தடுப்புப் பணிக்கு ஐந்து இலட்சம் டொலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தது. அதையும் தராசில் போடுங்கள் தம்பி.

இதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2022 இல் மிஸ் மார்வெல் தொடர் வந்தது. கமலா கான் என்ற பாகிஸ்தானிய அமெரிக்கப் பிள்ளைதான் நாயகி. முதல் அத்தியாயம் வந்த கையோடு, ரசிகர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. கதை நகரவே இல்லை, அதற்குள் தீர்ப்பு! அதை ரசனை என்று எப்படிச் சொல்வது? தொடர வேண்டும் என்று கேட்கிறவன் பார்த்துவிட்டுக் கேட்கிறான். அந்தத் தொடரின் ஐந்தாவது அத்தியாயம் வரை பொறுமையாகப் போனவர்கள்தான், 1947 பிரிவினையில் கடைசி ரயிலுக்கு முண்டியடிக்கும் சனத்துக்குள் தகப்பனைத் தவறவிட்ட சின்னப் பிள்ளையைக் கண்டார்கள். அந்தப் பிள்ளையைத் தகப்பனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது கமலா. "அமெரிக்கக் கதைக்குத் திருகோணமலையில் எதற்குக் கண்ணீர்?" என்று அக்கா கேட்டார். இடம்பெயர்ந்து ஓடுகையில் பிள்ளையின் கையைத் தவறவிட்ட தாய்மார் இருக்கிற மாவட்டம் இது, அக்கா. அந்தக் காட்சிக்கு இங்கே யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே, ஒன்றே ஒன்று. இலாபம் வராவிட்டால் நிறுத்துவான் என்பதுதானே எதிரணியின் முழுப் பலமும்? ஸ்வாம்ப் திங் தொடரின் முதல் அத்தியாயம் 2019 மே 31 இல் வந்தது. ஒரு கிழமை முடியுமுன்பே தொடர் நிறுத்தம் என்று அறிவித்துவிட்டார்கள். மிச்சம் ஒன்பது அத்தியாயங்களைச் சனம் இன்னும் பார்க்கவே இல்லை. அந்த ஆறேழு நாளில் எந்த இலாபத்தை, எந்த நட்டத்தை எண்ணிப் பார்த்தார்கள்? அக்காவின் அணியில் அடுத்துப் பேச வருகிறவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகட்டும்.

நன்றி, வணக்கம்.