கடை லீவு அன்று தெரிந்துவிட்டது

வணக்கம் மக்களே. இன்று மாடித்தோட்டம் கிடையாது. தக்காளி நாற்று போன வாரம் பார்த்த மாதிரியே நிற்கிறது, திட்டாதீர்கள்.

அக்டோபர் 2, டாஸ்மாக் கடை லீவு. எங்கள் சித்தப்பா அன்றைக்குப் பிளாக்கில் ஒரு குவார்ட்டர் வாங்கினார். விலைக்கு மேல் 100 ரூபாய்! கீரைக்கட்டுக்கு 2 ரூபாய் குறைக்கவில்லை என்று அடுத்த தெருவுக்கு நடப்பவர் அவர். ஆட்டோவுக்கு 10 ரூபாய் கூடக் கேட்டால் இறங்கிவிடுவார். நூறு ரூபாயை வாயைத் திறக்காமல் கொடுத்திருக்கிறார். எனக்கு அந்த நூறுதான் ஆறவே இல்லை.

ஆமாம், நேரத்தைச் சொல்லவில்லையே. காலை 7 மணி. வாங்கப் போவதற்கு முன் சித்தி கொடுத்த காபி, டபராவில் பாதி சிந்தியது. கை அப்படி நடுங்கியது. குடித்த பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"வேலைக்குப் போகிறார், ரோட்டில் விழுவதில்லை, அவர் எப்படிக் குடிகாரர்?" என்பார்கள். எனக்குப் பிடிக்காத பேச்சு இது. எவ்வளவு குடிக்கிறார் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, குடிக்காமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். முன்பெல்லாம் ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் தொடமாட்டார். இரண்டு வருடமாக மாலையே போடவில்லை. முழங்கால் வலியாம். நாங்களும் நம்பினோம்.

குடி பிரச்சினையாகிவிட்டதா என்று பார்க்க, ஜான் யூயிங் என்ற மனநல மருத்துவர் 1984-ல் வெளியிட்ட நான்கு கேள்விகள் இருக்கின்றன. குறைக்க வேண்டும் என்று தோன்றியதா? யாராவது குறை சொன்னால் எரிச்சல் வந்ததா? குற்ற உணர்ச்சி வந்ததா? நடுக்கம் நிற்கவோ, மப்பு தெளியவோ காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். சித்தப்பா நான்குக்கும் தலையாட்டினார். மூன்றாவதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

அப்புறம், முக்கியமானதை மறந்துவிட்டேன். பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டும் வீர வேலை வேண்டாம்! இப்படி நடுங்குபவர் திடீரென்று நிறுத்தினால் சில நாளுக்குள் வலிப்பு வரலாம், மனம் குழம்பி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மாத்திரை கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். சித்தி கொட்டத்தான் கிளம்பினார், நான் தடுத்தேன்.

இதைப் பேச சித்தப்பாவிடம் கேட்டுவிட்டேன். வியாழக்கிழமை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகிறோம். கேமரா வரக்கூடாது என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. அதனால் வியாழன் வீடியோ கிடையாது.