பேரிக்காயும் களிமண்ணும்

நேயர்களுக்கு வணக்கம். படங்களைப் பற்றிப் பேச என்னை வானொலிக்கு அழைத்திருக்கிறார்கள். காட்டுவதற்கு வழியில்லை, சொல்லத்தான் முடியும். எனவே ஓர் உதவி கேட்கிறேன். பக்கத்தில் பென்சிலும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேரிக்காய் வரையுங்கள். மேலே குறுகலாக, கீழே அகலமாக. உச்சியில் ஒரு கொத்து முடி. இரு பக்கமும் அடர்ந்த கிருதா. நடுவில் இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய். முடிந்தது. 1830களின் தொடக்கத்தில் பாரிஸில் இருந்துகொண்டு இதை அச்சிட்டிருந்தால் உங்கள் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டியிருக்கக்கூடும்.

நீங்கள் வரைந்தது அரசர் லூயி பிலிப்பை. 1830 ஜூலையில் மூன்று நாள் புரட்சி செய்து பழைய அரசரை விரட்டிய பிறகு அரியணைக்கு வந்தவர்; ‘குடிமக்களின் அரசர்’ என்று பெயர். கருத்தை வெளியிடும் உரிமை உண்டு, தணிக்கை இனி ஒருபோதும் திரும்பாது என்று புதிய சாசனத்தில் எழுதியிருந்தார்கள். அந்த வாக்கை நம்பி சார்ல் ஃபிலிப்போன் என்பவர் அதே ஆண்டு நவம்பரில் ‘லா கரிக்காத்யூர்’ என்ற கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். சரியாக ஓராண்டில் நீதிமன்றத்தில் நின்றார். குற்றம், அரசரைக் கொத்தனாராகக் காட்டிய ஒரு படம். ஜூலைப் புரட்சியின் முழக்கங்களைச் சுவரோடு சுவராகப் பூசி மறைக்கிறார் கொத்தனார்.

ஃபிலிப்போனின் வாதம் எளிமையானது. படத்தில் அரசரின் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. இருப்பது சாயல் மட்டும்தான். சாயலே குற்றம் என்றால் எந்த இடத்தில் நிறுத்துவீர்கள் என்று கேட்டு, நான்கு படங்கள் வரைந்து காட்டினார். முதல் படம் அசல் அரசர். இரண்டாவது அதைப் போல இருக்கிறது. மூன்றாவது இரண்டாவதைப் போல. நான்காவது வெறும் பேரிக்காய். முதலாவதைத் தண்டித்தால் நான்காவதையும் தண்டித்தாக வேண்டும், நாட்டிலுள்ள பேரிக்காய்களையெல்லாம் கைது செய்ய வேண்டும். நீதிபதிகள் மசியவில்லை. ஆறு மாதச் சிறை, 2000 பிராங்க் அபராதம்.

வழக்கில் தோற்றார், ஊரில் ஜெயித்தார். பிரெஞ்சுப் பேச்சில் பேரிக்காய் என்பதற்கு ஏமாளி என்றும் ஒரு பொருள் உண்டு. பாரிஸ் சுவர்களிலெல்லாம் கரியால் பேரிக்காய் முளைத்தது. ஃபிலிப்போன் 1832 டிசம்பரில் ‘ல ஷரிவாரி’ என்ற நாளிதழையும் தொடங்கினார். ஷரிவாரி என்றால், பிடிக்காதவர் வீட்டு வாசலில் இரவில் கூடிப் பானை சட்டிகளைத் தட்டி மானத்தை வாங்கும் பழைய வழக்கம். (லண்டனில் பின்னர் வந்த ‘பஞ்ச்’ இதழ், ‘லண்டன் ஷரிவாரி’ என்று துணைப்பெயர் வைத்துக்கொண்டது இதைப் பார்த்துத்தான்.) இந்த நாளிதழுக்கும் 1834இல் தண்டனை விழுந்தது, தீர்ப்பை முதல் பக்கத்தில் வெளியிட வேண்டியிருந்தது. ஒரு சொல்லும் விடாமல் வெளியிட்டார்கள். அச்சுக்கோத்த வரிகள் மேலே குட்டையாகத் தொடங்கிக் கீழே போகப் போக அகன்றன. தீர்ப்பே பேரிக்காயாகிவிட்டது! பெயர் தெரியாத அந்த அச்சுக்கோப்பவருக்கு நான் மானசீகமாக ஒரு மாலை போட்டுவிட்டேன்.

ஃபிலிப்போன் கண்டெடுத்த கைகளில் பெரிய கை ஒனொரே தோமியேயுடையது. மார்செய் நகரில் 1808இல் பிறந்தவர். அவருக்கு வாய்த்த கருவி கல்லச்சு. சுண்ணாம்புக்கல்லின் வழவழப்பான முகத்தில் கொழுப்பு கலந்த கரிக்கோலால் வரைய வேண்டும். கல்லை நனைத்தால் ஈரம் கோட்டின் மேல் ஒட்டாது; எண்ணெய் மை கோட்டின் மேல் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் தயார். செதுக்குபவர் ஒருவர் இடையில் நின்று கோட்டின் உயிரை எடுக்க வாய்ப்பே இல்லை. காலையில் நடந்த கூத்து அடுத்த சில நாட்களிலேயே கடைச் சன்னலில் தொங்கும்.

1831 டிசம்பரில் ‘கார்கன்துவா’ என்ற படத்தைத் தோமியே வரைந்தார்; பழைய பிரெஞ்சுக் கதையில் வரும் பெருந்தீனிப் பூதத்தின் பெயர் அது. அரசர் பூதாகாரமாக உட்கார்ந்திருக்கிறார். வாயிலிருந்து தரை வரை ஒரு நீண்ட பலகை. ஏழைகள் கூடையில் போட்ட காசைச் சுமந்துகொண்டு ஆட்கள் அதில் ஏறி வாய்க்குள் கொட்டுகிறார்கள். அரசர் உட்கார்ந்திருப்பது சிம்மாசனம் போலத் தெரிந்தாலும் அதன் பயன் வேறு. அடியில் பதவிகளும் பதக்கங்களுமாக விழுகின்றன, காத்திருந்தவர்கள் பொறுக்குகிறார்கள். இதற்கு மேல் வானொலியில் விளக்க வேண்டாம். ஆறு மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் கிடைத்தன. இருபத்து நான்காம் வயதில் தோமியே சாந்த் பெலாஜி சிறைக்குப் போனார்.

அந்த ஆண்டுகளில் ஃபிலிப்போன் கேட்டுக்கொண்டதற்காக அவர் செய்த சிறு களிமண் தலைகளைப் பற்றிச் சொல்லத்தான் இன்று நான் வந்திருக்கிறேன். அமைச்சர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், அரசுக்கு வேண்டிய பத்திரிகைக்காரர்கள். எதுவும் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. சூளையில் சுடாத பச்சை மண், மேலே வண்ணம். யாரும் அவர் முன்னால் வந்து உட்கார்ந்து முகம் காட்டவில்லை. பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் கட்டைவிரலால் பிடித்த முகங்கள். முப்பத்தாறு தப்பிப் பிழைத்து, இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் வெடிப்பும் ஒட்டுமாக நிற்கின்றன.

கரிக்காத்யூர் என்ற சொல் இத்தாலியிலிருந்து வந்தது. சுமை ஏற்றுதல் என்பது அதன் வேர்ப்பொருள். தாளில் அது உவமை. களிமண்ணில் அதுவே செய்முறை: இன்னும் ஓர் உருண்டை மண்ணை எடுத்து மூக்கில் அப்ப வேண்டியதுதான். தார்கூ பிரபுவின் மூக்கைப் பாருங்கள்; முகம் மூக்குக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. பிற்காலப் பிரதமர் கீசோவும் அங்கே உண்டு. அவர் தலைக்குப் பிற்காலத்தவர் வைத்த பெயர் ‘சலிப்பூட்டுபவர்’. கல்லச்சுப் படங்கள் பல இந்த மண் தலைகளிலிருந்து பிறந்தவைதான். 1834இல் வந்த ‘சட்டமன்றத் தொப்பை’ படத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் வளைந்த வரிசைகளில் தூங்குகிறார்கள், மூக்கு சிந்துகிறார்கள், குசுகுசுக்கிறார்கள். கனம் தெரிகிறது என்றால், கை முன்பே அந்தக் கனத்தைப் பிடித்துப் பார்த்திருந்தது. படங்களை விட மண் தலைகளே மேல் என்பது என் கட்சி. நண்பர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

அதே 1834 ஏப்ரலில் பாரிஸில் கலகம். திரான்ஸ்னோனேன் தெருவில் ஒரு வீட்டிலிருந்து துப்பாக்கி வெடித்ததாகச் சொல்லிப் படைவீரர்கள் உள்ளே புகுந்து, கையில் அகப்பட்டவர்களைக் கொன்றார்கள். தோமியே அந்த அறையை வரைந்தார். இரவுச் சட்டையோடு ஒருவர் கட்டிலோரம் சரிந்து கிடக்கிறார். அவர் உடலுக்கு அடியில் ஒரு குழந்தை. பெரிய மூக்கு இல்லை, தொப்பை இல்லை, கேலி இல்லை. பத்திரிகையின் அபராதங்களைக் கட்டப் பணம் திரட்டுவதற்காகச் சந்தாதாரர்களுக்கு மாதம் ஒரு படம் அனுப்பிக்கொண்டிருந்தார் ஃபிலிப்போன். அந்த வரிசையின் கடைசிப் படம் இது. போலீசார் தேடித் தேடிப் பறிமுதல் செய்தார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலையில் அரசரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அரசர் தப்பினார், அருகில் இருந்தவர்கள் பலர் மாண்டனர். செப்டம்பரில் படங்களுக்கு முன்தணிக்கை வந்தது. தணிக்கை ஒருபோதும் திரும்பாது என்ற சாசனம் என்னவாயிற்று? நீதி அமைச்சர் பெர்சில் விளக்கம் வைத்திருந்தார். சாசனம் காப்பது கருத்தை. படமோ கண்ணோடு பேசுகிறது, அது கருத்து அல்ல, செயல். தோமியேயை இதைவிட உயர்வாக எந்த விமர்சகரும் பாராட்டியதில்லை. அந்த முப்பத்தாறு மண் தலைகளில் பெர்சிலின் தலையும் ஒன்று.

அந்நாளில் எல்லாக் கேலிச் சிலைகளும் ஆபத்தானவை அல்ல. ஜான் பியர் தாந்தான் என்ற சிற்பி இசைக்கலைஞர்கள் பகனீனி, லிஸ்ட், எழுத்தாளர் விக்தோர் ஹ்யூகோ முதலியோரைச் சாந்தில் கோரமாக வடித்து நிம்மதியாக வாழ்ந்தார். அரசியல் பக்கம் அவர் அநேகமாகத் தலைவைத்துப் படுக்கவில்லை.

தோமியே மட்டும் 1850 வாக்கில் மறுபடி மண்ணைத் தொட்டார். லூயி பிலிப் போய்க் குடியரசு வந்திருந்தது; லூயி நெப்போலியன் குடியரசுத் தலைவராக இருந்துகொண்டே பேரரசர் ஆகப் பார்த்த காலம். அவருக்காகத் தெருவில் ஆள் சேர்க்கும் அடியாளை உருவமாக்கினார். பெயர் ராத்தப்புவால். ஒல்லி உடம்பு, நசுங்கிய தொப்பி, முறுக்கிய மீசை, கையில் தடி. தலைவரைப் போலவே ஆட்டுத்தாடி. 1851 டிசம்பரில் அந்தத் தலைவரே குடியரசைக் கவிழ்த்தார். அடுத்த ஆண்டு லூயி நெப்போலியன் பேரரசரானார். சிலை கண்ணில் பட்டால் வினை. தோமியேயின் மனைவி அதைப் புட்டிகளுக்குச் சுற்றும் வைக்கோல் உறையில் பொதிந்து வீட்டுக்குள்ளேயே இடம் மாற்றி மாற்றி ஒளித்தார் என்று சொல்வார்கள். பேரரசு 1870இல் போனது. தோமியே 1879இல் போனார். ராத்தப்புவாலை வெண்கலத்தில் வார்த்தது அதற்கும் பத்தாண்டுக்கு மேல் கழித்துத்தான். வணக்கம்.