எழாத குவிமாடமும் அலறிய மைக்கும்

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி ஓடுகிறது, நேரே வருகிறேன்.

இசை, கலைக் கல்லூரியில் ஒரு மாணவரைக் கலைஞராக்குவது வகுப்பறையா, மாணவர் மேடையா? நாங்கள் மேடைக் கட்சி. மாணவர் கச்சேரி, நாடகம், கண்காட்சி, பிற துறை மாணவரோடு சேர்ந்து செய்கிற கூட்டுப் படைப்பு எல்லாமே எங்கள் மேடைக்குள் அடக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் பலத்த கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். என்ன சொன்னார்? "இவர்கள் விழா நடத்தினால் பாட்டா கேட்கும்? மைக் 'வீஈஈல்' என்று அலறுவதுதான் கேட்கும். அந்த அலறலைப் படிக்கவா கல்லூரிக்கு வருகிறார்கள்?" என்றார். நீங்களும் தட்டினீர்கள். அழகாகச் சொன்னார், தட்டியதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காமல் நான் இறங்கப் போவதில்லை. அதற்கு முன்னால் ஒரு கதை. நடந்த கதை.

1948, கோடைகாலம். அமெரிக்காவின் வட கரோலினாவில் பிளாக் மவுண்டன் கல்லூரி என்று ஒரு சின்னக் கலைக் கல்லூரி. 1933-ல் தொடங்கினார்கள், 1957-ல் மூடியே விட்டார்கள். இருபத்து நான்கே வருட ஆயுள். அந்தக் கோடை வகுப்புக்குப் பாடம் நடத்த பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற கட்டட வடிவமைப்பாளர் வருகிறார். உள்ளே ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கும் குவிமாடம் ஒன்றைக் கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. மாணவர்களைக் கூப்பிட்டு, "வாருங்கள், கட்டிப் பார்ப்போம்" என்று இறங்கிவிட்டார்.

எத்தனை பெரிய குவிமாடம்? விட்டம் 48 அடி. எதை வைத்து? இரும்பா, மரமா? ஜன்னலுக்கு வெயில் மறைப்பாகப் போடுவோமே வெனிஷியன் பிளைண்டு, அந்த மெல்லிய பட்டைகளை வைத்து! அளந்தார்கள், குறி போட்டார்கள், துளையிட்டார்கள். அந்த நாளும் வந்தது. கல்லூரியே திரண்டு வந்து நிற்கிறது. பட்டையோடு பட்டையைச் சேர்த்துப் பிணைத்துக்கொண்டே வருகிறார்கள். எல்லார் கண்ணும் அதன் மேல்தான். இப்போது எழும், இதோ எழும்...

எழவில்லை.

நடுவர் ஐயா, அந்த இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். உங்கள் மாணவர்கள் கையில் பட்டையோடு நிற்கிறார்கள். சுற்றிலும் சக ஆசிரியர்கள். அவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. ஓவியர் வில்லெம் டி கூனிங் அந்தக் கோடையில் அங்கே இருக்கிறார், இசையமைப்பாளர் ஜான் கேஜ் இருக்கிறார், நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம் இருக்கிறார். இத்தனை பேர் முன்னால் உங்கள் குவிமாடம் தரையில் அவிழ்த்துப் போட்ட பாய் மாதிரி கிடக்கிறது. அங்கே இருந்தவர்கள் அதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: 'மல்லாந்த குவிமாடம்'. எழுந்து நிற்க வேண்டியது மல்லாந்து கிடந்தது!

ஏன் எழவில்லை? வடிவத்தில் குற்றமில்லை. பட்டை அத்தனை மெல்லியது, அந்த அகலத்தில் தன் எடையையே தாங்கும் விறைப்பு அதற்கு இல்லை. கரும்பலகையில் கோடு போடும்போது கோட்டுக்கு எடை கிடையாது. களத்தில் தூக்கும்போதுதான் பட்டைக்கு எடை உண்டு என்று கைக்குத் தெரிகிறது.

இன்னொரு முறை சொல்கிறேன், கேளுங்கள். எழவில்லை. எதிரணி நண்பராக இருந்தால் அங்கேயே தீர்ப்பு எழுதியிருப்பார்: "பார்த்தீர்களா, வகுப்பைக் கெடுத்தது, பொருளும் வீண்." ஆனால் கதை அங்கே முடியவில்லையே! அடுத்த ஆண்டு, 1949. அதே கல்லூரிக்கு அதே மனிதர் திரும்பி வருகிறார். இந்த முறை விட்டம் 14 அடிதான். பட்டைக்குப் பதிலாக விமானத்துக்குப் பயன்படும் அலுமினியக் குழாய். அளவைக் குறைத்தார், பொருளை மாற்றினார். எழுந்தது! எழுந்ததோடு விட்டார்களா? அதன் கம்பிகளைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். நின்றது. 1967-ல் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் அதே மனிதர் எழுப்பிய குவிமாடத்தின் விட்டம் ஏறக்குறைய 250 அடி!

இதில் எனக்கு மிகப் பிடித்த ஆள் ஃபுல்லர்கூட இல்லை. 1948 கோடையில் ஓவியம் படிக்க வந்த ஒரு பையன், கென்னத் ஸ்னெல்சன். வயது 21. ஃபுல்லர் கொண்டுவந்த மாதிரிகளைப் பூட்டிக் கொடுக்க ஒரு கை தேவை, "தம்பி, நீ போ" என்று அனுப்பினார்கள். அந்த எடுபிடி வேலைக்குப் போன பையன், குச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் கம்பி இழுப்பிலேயே அந்தரத்தில் நிற்கிற புதுவகைச் சிற்பத்தோடு மறு ஆண்டு வந்து நின்றான். எந்தப் பாடத்திட்டத்தில், எந்தப் பக்கத்தில், எத்தனை மதிப்பெண்ணுக்கு இது இருந்தது?

அதே கோடையில் எரிக் சாட்டியின் குறுநாடகம் ஒன்றையும் போட்டார்கள். அதில் ஃபுல்லருக்குப் பிரபு வேடம். மேடை ஏற அவருக்குக் கூச்சம். கூச்சத்தைப் போக்கியது யார்? நாடகத்தை இயக்கியவர்களில் ஒருவரான ஆர்தர் பென். அந்தக் கல்லூரி மாணவர்! பின்னாளில் பெயர் பெற்ற திரைப்பட இயக்குநர். வகுப்பறையில் ஆசிரியர் மாணவருக்குச் சொல்லித் தருவார். ஆசிரியருக்கு மாணவர் சொல்லித் தருகிற இடம் எது என்று எதிரணிதான் சொல்ல வேண்டும்.

சரி, மைக்குக்கு வருகிறேன். "வீஈஈல்."

அந்தச் சத்தம் என்ன, ஐயா? மைக் எடுக்கிறது, பெருக்கி பெருக்குகிறது, ஸ்பீக்கர் வெளியே விடுகிறது, விட்டதை மைக் மறுபடி எடுக்கிறது. ஒரு சுற்று வந்து சேரும்போது ஒலி தேயாமல் வளர்ந்துவிட்டால், அலறல். இது வகுப்பில் ஒரு வரிப் பாடம். இனி மேடைக்கு வாருங்கள். அலறினதும் பாடுகிற தங்கச்சி பதறிப்போய் என்ன செய்கிறாள்? மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்துகிறாள். அலறல் இன்னும் கூடுகிறது! ஏன்? முன்னாலிருந்து வரும் ஒலியை மட்டும் எடுத்து, பின்னாலிருந்து வருவதைத் தள்ளும்படி செய்யப்பட்ட மைக் அது. தள்ளுவதற்கான துவாரங்கள் அந்தத் தலைக்குப் பின்பக்கம் இருக்கின்றன. அதைப் பொத்தினால் எல்லாத் திசையிலிருந்தும் எடுக்கிற மைக்காக மாறிவிடும். ஸ்பீக்கருக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. ஒரு தடவை மேடையில் பொத்தி அலறவிட்டவள் சாகும்வரை பொத்த மாட்டாள்.

அடுத்து, "கேட்கவில்லை, சத்தம் வையுங்கள்" என்பான் தம்பி. மிக்ஸரில் இருப்பவன் ஏற்றுவான். மறுபடி வீல். வாய்க்கும் மைக்குக்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அதை 10 ஆக்கினால் போதும், ஏறக்குறைய 6 டெசிபெல் (ஒலி அளவைச் சொல்லும் அலகு) கூடுதலாகக் கிடைக்கும். எந்தத் திருகையும் தொட வேண்டாம், அலறல் அபாயமும் ஏறாது. ரொம்ப ஒட்டினால் குடத்துக்குள் பாடுவதுபோல் குரல் கனத்துவிடும், அப்போது கீழ் அலைவரிசையைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பேசாத ஆள் முன்னால் திறந்து கிடக்கும் மைக்கை மூட வேண்டும். திறந்த மைக் எண்ணிக்கை இரட்டித்தால், அலறாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபெல் போய்விடும். ஒரு மைக் போதும் என்கிற இடத்தில் நான்கு திறந்து கிடந்தால் 6 போச்சு. பாடுபவர் கேட்பதற்கு வைக்கிற மானிட்டரை மைக்கின் முதுகுக்கு நேரே வைக்க வேண்டும், பக்கவாட்டில் வைத்தால் வம்பு. மைக் வகைக்கு வகை அந்தச் செவிட்டுத் திசை மாறும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது. அந்த அலறல் ஒரு சுரம்! வீல் என்பது நம் காதுக்கு. ஸ்வர ஞானம் உள்ள மாணவிக்கு அது, உதாரணத்துக்கு, 880 ஹெர்ட்ஸ். ஒலியை 31 அலைவரிசைகளாகப் பிரித்துத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் அதற்குப் பக்கத்துத் திருகு 800. அதை 3 டெசிபெல் இறக்கினால் அடங்கும். அடங்கியதே என்று எல்லாத் திருகையும் இறக்கினால் குரலில் உயிர் போய்விடும், அதுவும் அங்கேதான் தெரியும். மூன்று வருடம் வகுப்பில் சுரம் பிரித்துக் கேட்டுப் பழகிய காது, முதல் தடவையாக ஒரு கூட்டத்தைக் காப்பாற்றுகிறது. எதிரணி நண்பர் அலறல் என்றார். நான் அதைக் காதுக்கு வைத்த பரீட்சை என்கிறேன். (இந்தக் கைதட்டலுக்குத்தான் காத்திருந்தேன், நன்றி.)

சுருதியையும் சொல்லிவிடுகிறேன். உள்ளறையில் 22 டிகிரி குளிரில் மூன்று பேர் சேர்த்து வைத்த சுருதி, விளக்கு எரியும் மேடையில் 30 டிகிரியில் என்ன ஆகும்? வயலின் கம்பி சூட்டில் நீண்டு தளரும், சுருதி இறங்கும். புல்லாங்குழலுக்குள் காற்று சூடேறி ஒலி வேகம் கூடும், சுருதி ஏறும். அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்; டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட் என்றால், 8 டிகிரிக்கு 24 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. தோல்வாத்தியமோ காய்ந்து விறைத்து மேலே போகும். ஒரே மேடையில் மூன்று பேர் மூன்று ஊருக்குப் போவார்கள். விளக்கு எரியும் மேடையிலேயே வாத்தியத்தை அரை மணி வைத்து, அங்கேயே சுருதி சேர்க்க வேண்டும். மூங்கில் குழலின் நீளத்தை நீட்டவோ குறைக்கவோ முடியாது, ஆகவே மற்றவர்கள்தான் குழலை நோக்கி வர வேண்டும். வகுப்பறையில் வெப்பநிலை மாறுவதில்லை. அதனால் அங்கே இந்தப் பாடமும் வருவதில்லை.

மணி அடிக்கிறீர்கள், ஐயா. இரண்டே நிமிடம்.

புதுப் பாட்டு எழுதும் மாணவர் கணினியில் போட்டுக் கேட்டு மகிழ்கிறார். கணினி மூச்சு வாங்காது, குழல் வாசிக்கிற பிள்ளை வாங்கும். எட்டு ஆவர்த்தம் இடைவெளியே இல்லாமல் எழுதியிருந்தால் ஒத்திகையில் ஐந்தாவதில் தொண்டை வறண்டு நிற்கும். தாள் புரட்ட ஒரு கை ஓய வேண்டும், அந்த இடத்தில் ஓய்வு எழுதியிருக்கிறதா? ஓவியக் கண்காட்சி என்றால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், தாளில் வரைந்த நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் போனால் நிறம் சீக்கிரம் வெளிறும். மாட்டிப் பார்த்தவருக்கு மறக்காது. இவற்றைச் சொல்லிக்கொண்டே போகலாம், ஆனால் என் மனம் வேறொரு இடத்தில் நிற்கிறது.

ஒரு மாணவர் நிகழ்ச்சியில் நடுவில் உட்கார்ந்து பாடுகிறவர் ஒருவர். மீதி இருபது பேர்? திரை இழுக்கிற பிள்ளை. குறிப்புத் தாளில் விளக்கு மாறும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, இருட்டில் விரல் வைத்துக் காத்திருக்கும் பிள்ளை. கால் தடுக்காமல் கேபிளை டேப் போட்டு ஒட்டின பிள்ளை. வகுப்பில் கடைசி பெஞ்சு. கேள்வி கேட்டால் தலை குனியும். குரலும் சுமார், விரலும் சுமார், தேர்வில் நடுத்தரம். வகுப்பறை அந்தப் பிள்ளையிடம் "உனக்கு இது வராது" என்று வாயால் சொல்லாது. மதிப்பெண் தாளால் சொல்லிவிடும்.

அந்தப் பிள்ளை நிகழ்ச்சியன்று கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு இருட்டில் நிற்கிறது. சரியான நொடியில் விளக்கை ஏற்றுகிறது. பாடுகிறவளின் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. அரங்கம் அப்படியே அடங்குகிறது. அந்த அமைதியை உண்டாக்கியது யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைக்குத் தெரியும், ஐயா! வாழ்க்கையில் முதல் தடவையாக "நான் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது" என்று அதற்குத் தெரியும்.

1948-ல் எழாத குவிமாடத்தின் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாணவர்கள் எத்தனையோ பேர். ஃபுல்லர் பெயர் தெரியும், ஸ்னெல்சன் பெயர் தெரியும். மற்றவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. மேடையில் தன் பிள்ளை இல்லை. கையில் நிகழ்ச்சித் தாள். பாடுகிறவர் பெயரைத் தாண்டுகிறார், பக்கவாத்தியக்காரர் பெயரைத் தாண்டுகிறார், விரல் கீழே கீழே இறங்குகிறது. கடைசியில் பொடி எழுத்தில் 'மேடை உதவி' என்று ஒரு வரி. அந்த வரியில் விரல் நின்றுவிடுகிறது. பக்கத்து இருக்கைக்காரரிடம் தாளை நீட்டிக் காட்டுகிறார்.

அந்த விரல் நின்ற இடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் ஐயா. நன்றி, வணக்கம்.