கம்பி ஏன் தொய்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். தொய்வுக்கு ஆங்கிலத்தில் 'சேக்' என்பார்கள். நார்க்கட்டில் நடுவில் இறங்கினால் சேக். வாடிய இலை தலை கவிழ்ந்தால் 'ட்ரூப்'. அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருள் போட்டிருந்தாலும் பெரும்பாலும் புழக்கம் வேறு. இரண்டு முனையும் பிடித்திருக்க, நடு இறங்குவதற்கே சேக் நன்றாகப் பொருந்தும்.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சொல் ஆங்கில எழுத்தில் தென்படுகிறது. வடகடல் பக்கத்து மொழிகளிலிருந்து வந்திருக்கும் என்பது அறிஞர்கள் கணிப்பு. இடைக்காலக் கீழ் ஜெர்மனில் (வட ஜெர்மனி வட்டார மொழி) 'சாக்கன்' என்றால் வண்டல் அடியில் படிவது. கோணிக்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய இதே ஒலிதான், ஆனால் அது லத்தீன் வழி வந்த வேறு சொல். கப்பல் காற்றுக்கு ஒதுங்குவதையும், பின்னாளில் சந்தை விலை இறங்குவதையும் சேக் என்றே சொன்னார்கள்.

இன்று இந்தச் சொல் அதிகம் உழைப்பது மின்கம்பி இழுப்பவர்களிடம். எஃகு நடுவிட்ட அலுமினியக் கம்பிகளுக்கு அணில், முயல், நாய் என்றுதான் ஆங்கிலத்தில் பெயர். 'டாக்' கம்பி மீட்டருக்கு 394 கிராம். 100 மீட்டர் இடைவெளியில் 500 கிலோ விசையில் இழுத்துக் கட்டினால் நடுவில் ஏறக்குறைய 1 மீட்டர் தொய்யும். இத்தனைக்கும் கம்பி நேர்கோட்டைவிட 2.6 சென்டிமீட்டர்தான் அதிக நீளம்! அதே விசையில் இடைவெளியை 200 மீட்டராக்கினால் தொய்வு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

விறைப்பாகவே கட்டிவிட்டால் என்ன? 100 மீட்டர் இடைவெளியிலேயே தொய்வை 10 சென்டிமீட்டருக்குள் அடக்க சுமார் 4,900 கிலோ விசை வேண்டும். இந்தக் கம்பி 3,300 கிலோவிலேயே அறுந்துவிடும்.

மின்சாரம் கொடுக்காத புதுக் கம்பியில் தொய்வை அளக்க எளிய வழி உண்டு. கம்பத்தருகே கம்பியைச் சுண்டுங்கள். அலை எதிர்க்கம்பம் வரை போய்த் திரும்பிக் கையில் தட்டும். சுண்டியதிலிருந்து மூன்றாவது தட்டல் வரை 5.4 விநாடி ஆனால் தொய்வு 1 மீட்டர். அதற்கு முன்னாலேயே வந்தால் இறுக்கம் அதிகம். கம்பியின் எடையோ இழுவிசையோ இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை என்பதுதான் அழகு.

கட்டும்போது அன்றைய வெப்பநிலையைப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமான தவறு. 20 டிகிரி ஏறினால் நம் 1 மீட்டர் தொய்வு ஒன்றேகாலைத் தாண்டும். வெயிலில் இறுக்கிக் கட்டிய கம்பியோ குளிரில் சுருங்கித் தாங்கிகளை இழுக்கும்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 345 கிலோவோல்ட் கம்பிகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாகத் தொய்ந்து மரத்தில் பட்டன. அங்கே தொடங்கிய சரிவில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. மூன்று கம்பியிலும் ஓடிய மின்சுமை அனுமதித்த அளவுக்கு உள்ளேதான் இருந்தது. அடியில் வளர்ந்த மரங்களைத்தான் வெட்டாமல் விட்டிருந்தார்கள்.