விண்டோஸ் அப்டேட்டை எப்போது போடலாம்? பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து ஒரு கேள்வி

அடுத்த கேள்வி பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து ஒரு அக்கா அனுப்பியது. எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கிறார். ஆபீசில் இரண்டு கம்ப்யூட்டர். "தம்பி, தாக்கல் செய்கிற நேரம் பார்த்துத்தான் விண்டோஸ் அப்டேட் வந்து நிற்கிறது. பேசாமல் மொத்தமாக நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார்.

நிறுத்த மட்டும் வேண்டாம் அக்கா. உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். மைக்ரோசாஃப்ட் தன் செக்யூரிட்டி அப்டேட்டை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்காவில் காலை, நமக்கு இரவு. அதனால் புதன்கிழமை ஆபீசைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் அது வந்து நிற்கும். இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8 முதல் 14 தேதிக்குள் விழும். விற்பனை விவரம் காட்டும் ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-1க்குக் கடைசி நாள் 11. முட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

இப்போது காலண்டரை எடுத்துப் பாருங்கள். அந்தச் செவ்வாய்க்கு அடுத்து வரும் ஞாயிறு, எந்த மாதமானாலும் 13 முதல் 19க்குள்தான் வரும். 11 முடிந்திருக்கும், வரி கட்டும் ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-3பி-க்குக் கடைசி நாளான 20 இன்னும் வந்திருக்காது. அந்த ஞாயிறை அப்டேட் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு 19ஆம் தேதி விழுகிற மாதத்தில் மட்டும் சனிக்கிழமைக்குள் 3பி-ஐ முடித்துவிட்டுக் கை வையுங்கள்.

செய்முறை சுலபம். அந்தச் செவ்வாய்க்கு முந்தைய நாள், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கம் போய் ஒரு வாரத்துக்கு 'பாஸ்' (Pause, அதாவது தற்காலிக நிறுத்தம்) கொடுங்கள். ஞாயிறு வந்ததும் 'ரெஸ்யூம்' அழுத்துங்கள். அதே பக்கத்தில் அப்டேட் வந்தவுடன் எனக்குத் தா என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆஃபிலேயே இருக்கட்டும். மாதக் கடைசியில் 'பிரிவியூ' என்று வருவதையும் தொட வேண்டாம். அதில் உள்ளது அடுத்த மாத அப்டேட்டில் எப்படியும் வந்துவிடும்.

நான்கு நாள் எதற்குப் பொறுக்க வேண்டும்? 2021 மார்ச் 9 அன்று வந்த அப்டேட்டைப் போட்ட சில கம்ப்யூட்டர்களில் பிரிண்ட் கொடுத்தாலே நீலத் திரை வந்தது. அந்த வாரமே செய்தி பரவிவிட்டது, 15ஆம் தேதி திருத்தமும் வந்தது. சனிக்கிழமை ஒரு தடவை தேடிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பில் அடிக்கிற ஆபீசுக்கு இது சின்ன விஷயமில்லை.

அதற்காக மாதக்கணக்கில் தள்ளினால் அது வேறு ஆபத்து. 2017இல் வான்னாக்ரை என்ற வைரஸ் வந்து உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12. கிட்டத்தட்ட இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். உங்களிடம் இருப்பது ஊரார் கணக்கு. அது பூட்டிக்கொண்டால் எத்தனை கடைக்காரர்களுக்குப் பதில் சொல்வீர்கள், யோசித்துப் பாருங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை பெரிய வெர்ஷன் மாறுமே, அது தனிக் கதை. அதை இரண்டு மூன்று மாதம் தாராளமாகத் தள்ளலாம். தீபாவளி வியாபாரம் நடக்கும்போது அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இரண்டு கம்ப்யூட்டர் இருப்பது நல்ல வசதி. வேலை குறைவாக உள்ளதற்குப் பாஸ் கொடுக்காமல் விட்டுவிடுங்கள், அது முதலில் போட்டுக்கொள்ளட்டும். பிறகு அதில் ஒரு பில் பிரிண்ட் எடுங்கள். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரைத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்துக்கான டி.எஸ்.சி. டோக்கனைச் செருகி, கையெழுத்துப் போடும் எம்சைனர் சாஃப்ட்வேர் அதை எடுக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாம் ஓடினால் ஞாயிறன்று மற்றதில் போடுங்கள். போடும் முன் டேலி டேட்டாவை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டியபடியே விட்டால் வைரஸ் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அப்புறம், யு.பி.எஸ். பேட்டரி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் பெரிய தலைவலி.

இரண்டில் எதிலாவது இன்னும் விண்டோஸ் 10 ஓடுகிறது என்றால், அதற்கான சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. அதில் ரிட்டர்ன் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.